மோட்டார் ஓடாத இரண்டு நாள்

சிங்காரவேலு யாரையும் எதிர்த்துப் பேசி ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. பங்காளி வரப்பை அரை அடி தள்ளிப் போட்ட வருஷம், அவர் ஒன்றும் கேட்காமல் அரை அடி உள்ளே தள்ளி நாற்று நட்டார். அதற்கு முன்னால் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். மற்றவர்கள் வேண்டாம் என்ற ஷிப்ட் எல்லாம் அவர் தலையில்தான் விழும். வீட்டுக்கு வந்து, "எனக்கு அந்த ஷிப்ட்டுதான் தோதா இருக்குது" என்பார். ஊரில் நல்ல மனுஷன் என்று பேர். அவர் மனைவி விஜயகுமாரி மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"நல்ல மனசும் இல்ல ஒண்ணும் இல்ல. வாயத் தொறக்க பயம் உனக்கு" என்பாள்.

மில் மூடிய பிறகு பாகூர் ஏரிக்குக் கிழக்கே இருந்த ஒன்றரை காணி நிலமே கதி என்று ஆனது. ஒரு போர் மோட்டார், இரண்டு கறவை மாடு, நாலு ஆடு, வாசலில் மேயும் கோழிகள். ஒரே மகளை உறுவையாறு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சம்பா அறுத்து முடித்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள். அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். வயலுக்கு எரு ஆகும், வீட்டுக்கு முட்டை ஆகும். செஞ்சிப் பக்கத்திலிருந்து புகழேந்தியும் அவன் மனைவி காசம்மாளும் அறுநூறு வாத்துகளோடு மூன்று வருஷமாகச் சிங்காரவேலுவின் வயலுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். களத்து மூலையில் தார்ப்பாயில் ஒரு கூடாரம், பக்கத்தில் வலை கட்டிய பட்டி. அந்த ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஆற்றைத் தாண்டி கடலூர்ப் பக்கம் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் அவர்கள் வந்து இரண்டு வாரத்தில் ஊரடங்கு வந்தது.

முதலில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. மாடு கறக்க வேண்டும், ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும். பால் வண்டி மட்டும் ஒருவேளைதான் வந்தது. மிஞ்சிய பாலை விஜயகுமாரி தயிராக்கி, தயிரை மோராக்கி, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். புகழேந்திக்குத்தான் உடனே அடி விழுந்தது. முட்டை எடுக்கிற வேன் வரவில்லை. தினமும் பட்டியில் கிடக்கிற முட்டையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான். காசம்மாள் கூடையில் எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாள். இருக்கிறவர்கள் கொஞ்சம் அரிசி கொடுத்தார்கள், இல்லாதவர்கள் சும்மா வாங்கிக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து நாள் அந்தத் தெருவில் வாத்து முட்டைக் குழம்பு கொதிக்காத வீடு இல்லை.

பங்குனி வெயிலில் ஏரி வற்றி, வயல் காய்ந்து வெடித்தது. சிங்காரவேலு தினமும் ஒரு மணி நேரம் மோட்டார் போட்டு, வயல் மூலையில் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அறுநூறு வாத்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும். அவர் வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மில் காலத்திலிருந்து இப்படிச் சும்மா உட்கார்ந்து எதையும் பார்த்ததில்லை என்று ஒருநாள் விஜயகுமாரியிடம் சொன்னார்.

மார்ச் கடைசியில் சினை மாடு கன்று போட முடியாமல் தவித்தது. காலையிலிருந்து முக்குகிறது, ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால், ரோட்டில் விடமாட்டேன் என்கிறார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். விஜயகுமாரி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சத்தம் கேட்டுக் காசம்மாள் வந்தாள். மாட்டின் பின்னால் போய்ப் பார்த்தாள்.

"ஒரு காலு உள்ள மடங்கிக்கினு இருக்குதுக்கா. கொஞ்சம் நல்லெண்ண குடு."

தோள் வரைக்கும் எண்ணெய் தடவி, கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். மாடு கத்தியது. சிங்காரவேலு கொம்பைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மடங்கிய கால் நிமிர்ந்தது, கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. கிடாரி. காசம்மாள் அதன் மூக்கைத் துடைத்து, வாயில் விரல் விட்டு வழித்து, தாயின் முன்னால் இழுத்துப் போட்டாள். அதன் பிறகு தினமும் காலையில் ஒருமுறை கொட்டகைக்கு வந்து கன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாத்துகளை ஓட்டுவாள்.

ஏப்ரல் தொடங்கியதும் ஊரின் முகம் மாறியது. பக்கத்து ஊரில் ஒருவருக்குக் கொரோனா வந்துவிட்டது என்றார்கள். தெரு முனையில் மூங்கில் கட்டி அடைத்தார்கள். போனில் என்னென்னவோ செய்தி வந்தது. வெளியாட்களால்தான் வருகிறது என்று ஒன்று, கோழி வாத்தால் வருகிறது என்று இன்னொன்று. அந்தச் சமயத்தில் புகழேந்தியே ஒருநாள் கேட்டான்.

"அண்ணா, ஊர்ல யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா? சொன்னா சொல்லிடுங்கணா. ஆத்துப் பாலத்துல ஆடு மாடு ஓட்டினு போறவங்கள இப்ப வரைக்கும் வுடறாங்களாம். அந்தப் பக்கம் எங்க மச்சான் ஊட்டாண்ட ஏரில தண்ணி கெடக்குது. போயிடுவோம்."

"இருப்பா. இன்னா அவசரம்" என்றார் சிங்காரவேலு. அன்றைக்கு அதை மனசாரத்தான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், மூங்கில் அடைப்பைப் பார்த்துக்கொள்கிற அருள்முருகன் இன்னும் இரண்டு பேரோடு வீட்டு வாசலுக்கு வந்தான். முகத்தில் துண்டு. தள்ளி நின்று பேசினான். மரியாதையாகத்தான் பேசினான்.

"மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. வெளியூர் ஆளுங்கள வச்சிருக்கறது ஊருக்கு நல்லதில்ல. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

"சரிப்பா" என்றார் சிங்காரவேலு.

அவன் போனதும் விஜயகுமாரி வெளியே வந்தாள். "இவன் வூட்லயும் நேத்து அவ குடுத்த முட்டதான். நீ ஒரு வார்த்த கேக்கலையே."

"ஊரே சொல்றப்ப நான் இன்னா கேக்கறது."

"அப்ப போய் அவங்கள்ட்ட சொல்லு. இப்பவே சொல்லு. அவங்க வழியப் பாத்துப்பாங்க."

"காலைல சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்வதற்காகவே களத்துப் பக்கம் போனார். காசம்மாள் கொட்டகையில் குந்தி, கன்றின் தொப்புளில் மஞ்சள் பற்று போட்டுக்கொண்டிருந்தாள். கன்று அவள் சேலையைச் சப்பிக்கொண்டிருந்தது. "தொப்புளு காஞ்சிடுச்சிணா, இனிமே பயமில்ல" என்றாள். சிங்காரவேலு தலையை ஆட்டிவிட்டு நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பிற்பாடு அவராலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் இல்லை என்றால் தாமாகவே கிளம்பிவிடுவார்கள், தான் வாயைத் திறந்து போ என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தார். அந்த நிமிஷம் அது நல்ல யோசனையாகக்கூடத் தெரிந்தது.

பத்து மணிக்குப் புகழேந்தி வந்தான். "தண்ணி வுடலையாண்ணா?"

"மோட்டார் காயில் எரிஞ்சி பூட்ச்சிப்பா."

"நான் பாக்கட்டுமாண்ணா? ரெண்டு வருசம் காயில் கட்ற கடைல வேல செஞ்சிருக்கேன். ஒயரு இருந்தா கட்டிடலாம்."

சிங்காரவேலு எதிர்பார்க்கவில்லை. "வேணாம்பா. தவளக்குப்பத்துல நம்ம எலக்ட்ரிசியன் இருக்கான். அவந்தான் பாப்பான். சொல்லியிருக்கேன். வருவான்."

"இந்த ஊரடங்குல எப்படிணா வருவாரு?"

"வருவான், வருவான்."

புகழேந்தி நம்பினான். எலக்ட்ரிசியன் வரும் வரைக்கும் சமாளிக்கலாம் என்று, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனான். இரண்டு நடை எடுத்தான். மூன்றாவது நடையில், வெளியாள் குழாயைத் தொடக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். அன்று மத்தியானம் வாத்துகள் வாயைப் பிளந்துகொண்டு வேலிக்கருவை நிழலில் ஒண்டிக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் ஏழெட்டு செத்தன. திங்கட்கிழமை இன்னும் கொஞ்சம். விஜயகுமாரி வீட்டுத் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினாள். அறுநூறு வாத்துக்கு அது எந்த மூலைக்கு.

"ஃபியூஸ் கட்டையக் குடு" என்று புருஷனிடம் கேட்டாள். "இல்லன்னா நான் போய் உண்மையச் சொல்லிடுவேன்."

"சொல்லாத. என் மானம் பூடும்" என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் அவர் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சும்மா இருந்துவிட்டாள். அதற்காக அவளும் பிறகு வருத்தப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமல், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து, மாட்டுக்குப் போட்டிருந்த சீமைப்புல் வாடுகிறதே என்று கால் மணி நேரம் மோட்டார் போட்டார். நிறுத்திவிட்டுத் திரும்பும்போது புகழேந்தி வாய்க்கால் ஓரம் நின்றுகொண்டிருந்தான். வாய்க்காலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். சிங்காரவேலுவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து இரண்டு கை தண்ணீர் அள்ளி முகம் கழுவிக்கொண்டான்.

"கெளம்புறோம்ணா" என்றான்.

சிங்காரவேலு தலையை ஆட்டினார்.

ஒரு மணி நேரத்தில் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டார்கள். காசம்மாள் கொட்டகைக்கு வரவில்லை. வாத்துகள் ரோட்டை அடைத்துக்கொண்டு தெற்கே ஆற்றைப் பார்த்துப் போயின. வழியில் மூங்கில் அடைப்பை அருள்முருகனே நகர்த்திக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் பால் வண்டி ஓட்டுகிற கலைச்செல்வன்தான் செய்தி சொன்னான். திங்கட்கிழமை சாயங்காலத்தோடு பாலத்தை முழுசாக அடைத்துவிட்டார்களாம். இந்தப் பக்கமும் விடவில்லை, அந்தப் பக்கமும் விடவில்லை.

"ஆத்து மணல்ல நிக்கிதுங்கணா. தண்ணி ஏது ஆத்துல? பாதிக்கு மேல செத்துப்போச்சி. அந்தப் பொம்பள தலைல கைய வச்சிக்கினு உக்காந்திருக்குது."

சிங்காரவேலு உடனே இரண்டு பெரிய கேனில் தண்ணீர் நிரப்பினார். டிவிஎஸ் வண்டியின் இரண்டு பக்கமும் கட்டினார். அந்தத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். போய் நிற்கவாவது வேண்டும் என்று இருந்தது. மூங்கில் அடைப்பில் அருள்முருகன் உட்கார்ந்திருந்தான்.

"எங்க மாமா, தண்ணியெல்லாம் எடுத்துக்கினு?"

பாலத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். அருள்முருகன் தடுத்திருப்பானா என்பதுகூட இன்று வரை தெரியாது.

"சும்மாப்பா. புண்ணாக்குக் கட தொறந்திருக்குதான்னு பாக்கலாம்னு."

"கட மூடி நாலு நாளாவுது மாமா."

"அப்டியா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கேன்களை இறக்கி, தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றினார். மிச்சம் இருந்த வாத்துகளைக் கறிக்கு யாரோ ஓட்டிக்கொண்டு போனதாக அப்புறம் கேள்விப்பட்டார். புகழேந்தியும் காசம்மாளும் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் சம்பா அறுத்தபோது வாத்து வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. சிங்காரவேலு முன்னைவிடக் குறைவாகப் பேசினார். அந்தக் கிடாரி வளர்ந்து சினைக்கு வந்தது. நல்ல விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பால் வர்க்கம் நல்ல வர்க்கம் என்பார்.

மூன்றாம் வருஷம் மாசியில் வேறொரு வாத்துக்காரர் வந்தார். செஞ்சிப் பக்கம்தான். பேர் சொல்லி விசாரித்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது. புகழேந்தி வாத்தை விட்டுவிட்டு ஓசூரில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறான், காசம்மாளும் அங்கேயே சித்தாள் வேலை பார்க்கிறாள் என்றார். போன் நம்பரும் கொடுத்தார். சிங்காரவேலு அதை மூன்று வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து போன் போட்டார்.

யார் என்று தெரிந்ததும் புகழேந்தி சாதாரணமாகவே பேசினான். "நல்லா இருக்கீங்களாண்ணா? அக்கா எப்படி இருக்குது? அந்தக் கன்னுக்குட்டி?"

"அது ரெண்டாவது சினைப்பா." போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு சொன்னார். "அன்னிக்கு மோட்டார் நல்லாத்தான் இருந்துதுப்பா."

"தெரியும்ணா."

பின்னால் இரும்புக் கம்பி விழுகிற சத்தம் கேட்டது. யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ஊர்ல சொல்லியிருப்பாங்க, நீங்க இன்னா செய்வீங்க. அதுல எனக்கு ஒண்ணும் இல்லணா" என்றான் புகழேந்தி. "ஞாயித்துக்கெழம காலைல, போன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா பாலத்தத் தாண்டியிருப்போம். எலக்ட்ரிசியன் வருவாருன்னு சொன்னீங்களா, அதான் ரெண்டு நாளு பாத்துக்கினு இருந்துட்டோம்."

சிங்காரவேலு வரப்பு ஓரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சரிணா, மேஸ்திரி கூப்புடறாரு. ஒடம்பப் பாத்துக்கங்க."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவர் அந்த நம்பருக்குப் போன் போடவில்லை. அவனும் போடவில்லை.

அன்று சாயங்காலம் மாடு கறந்துகொண்டிருந்த விஜயகுமாரி, தலையைத் திருப்பாமல் கேட்டாள். "போன் போட்டியாமே. இன்னா சொன்னான்?"

"நல்லா இருக்காங்களாம். கன்னுக்குட்டியக் கேட்டான்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல" என்றார் சிங்காரவேலு.