சுறாப் புட்டு

எதிர் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கிளறுகிறார்கள். பூண்டு கலந்த அந்த மணம் எட்டியதும் என் காலைப் பதிகம் பாதியில் நின்றுவிட்டது.

ஆம்பூரில் ஊன் புகாத சைவ வீடு எங்களுடையது. தம்பி பிறந்த சில நாளில் அம்மாவுக்குப் பால் வற்றியது. குழந்தை அழவும் வலுவின்றிக் கிடந்தான். அடுத்த வீட்டுத் தோல் வியாபாரி பாயின் மனைவி, நாங்கள் அவர்கள் வழக்கப்படி காலா, அதாவது சின்னம்மா, என்றழைப்பவர், அம்மாவைத் தம் அடுக்களைக்குக் கூட்டிப்போனார். சிறுமியான நானும் போனேன்.

"துன்னு தங்கச்சி. காலைல மெட்ராஸ் ரயில்ல ஐஸோட வந்த பால்சுறா. மோந்து பாத்துதான் வாங்கினேன். நெடி அடிச்சா பால் குடுக்கறவளுக்குத் தருவேனா?"

அம்மா கண்களை மூடிக்கொண்டு உண்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாதடி" என்று என் கையைப் பற்றினாள்.

மறுநாள் கொல்லைப்புறத்தில் அப்பா பாயிடம் பேசுவது கேட்டது. "இன்னிக்கும் புது மீனா பாத்து வாங்குங்க. நான் சொல்லித்தான் குடுக்குறீங்கன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

"இன்னா முதலியாரே, பொஞ்சாதிக்குப் பயமா, சாமிக்குப் பயமா?"

"ரெண்டுக்குந்தான்" என்றவர், என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.

தம்பி தேறினான். ஆனால் பூசையறை விளக்கைத் தொடத் தனக்குத் தகுதியில்லை என்று அம்மா ஒதுங்கினாள். அப்பாவும் அவ்வாறே ஒதுங்கினார். விளக்கேற்றும் பணி என்னிடம் வந்தது. இரு ரகசியங்களையும் காக்கும் பெருமிதத்தோடு ஏற்றினேன்.

உமையைத் தன் மேனியில் பாதியாக வைத்தவன் முன், அம்மாவும் அப்பாவும் தனித்தனியே வந்து, வாசற்படிக்கு வெளியே நின்று அழுதார்கள். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் சேர்ந்து உள்ளே வந்திருப்பார்கள். இருவரும் கண்மூடும் வரை நான் வாக்குத் தவறவில்லை. இன்று அதுவே என் நெஞ்சைச் சுடுகிறது.