நளீர் நானாவின் பிளேன் கொட்டில்

நளீர் நானா ஒரு போல்ற்றை விற்பதற்கு முன் அதில் நட்டைப் பூட்டிப் பார்ப்பார். ஸ்பானரைத் தொடமாட்டார். இடது கையில் போல்ற்றைப் பிடித்துக்கொண்டு வலது பெருவிரலால் நட்டின் விளிம்பைத் தட்டிவிடுவார். அது தானாகச் சுழன்று புரியில் ஏறி அடிவரை போகவேண்டும். அதேபோலத் திரும்பி வரவேண்டும். நடுவில் ஓரிடத்தில் தயங்கினாலும் போதும், அந்தப் போல்ற் காலடியில் இருக்கும் பால்மாப் பேணிக்குள் விழுந்துவிடும். விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இருபது போல்ற் வாங்கப் போனால் அரை மணித்தியாலம் நிற்கவேண்டும்.

"நானா, நான் பூட்டப்போறது வீட்டுக் கூரை, மணிக்கூடு இல்லை" என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு.

"கூரை எண்டபடியால்தான். மணிக்கூட்டுக்குக் கீழை ஆரும் படுக்கிறேல்லை" என்பார், தலை நிமிராமல்.

யாழ்ப்பாணம் சோனகதெருப் பக்கம் அவருடைய இரும்புக் கடை இருந்தது. தகப்பன் றஊப் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரர் குடாநாட்டின் வடக்கே விமானத்தளம் போட்டபோது, பிளேன் நிறுத்த இரும்பு வளைவுகளில் தகரம் பூட்டிப் பெரிய கொட்டகைகள் கட்டினார்கள். யுத்தம் முடிந்ததும் அவற்றை ஏலத்தில் விட்டார்கள். றஊப் மூன்றை எடுத்தார். ஒன்று அளவெட்டியில் புகையிலை உலர்த்தும் கொட்டிலாயிற்று. இன்னொன்று நெல்லுக் குற்றும் மில்லுக்குப் போயிற்று. மூன்றாவதைக் குருநகர்க் கரையில் நிறுத்தினார். அங்கே அதற்குள் வள்ளம் கட்டினார்கள். நான் அறிய அதற்குச் சொந்தக்காரர், வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய சந்தியோகுச் சம்மாட்டியார். ஆனாலும் அந்தக் கரையில் எல்லோருக்கும் அது 'பிளேன் கொட்டில்'தான்.

நளீர் நானாவுக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. "பிளேன் நிண்டது நாலு வருசம். வள்ளம் நிண்டது நாப்பது வருசம். அப்ப அது ஆரின்ரை கொட்டில்?" என்று கேட்பார்.

1990 ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியது. கோட்டையைச் சுற்றி ஷெல் விழ, கரையோரச் சனம் எழும்பி ஓடியது. சந்தியோகுவோடு பன்னிரண்டு குடும்பங்கள் உடுவிலுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கின. இடம்பெயர்ந்தவர்களின் பெயர்ப் பதிவு எழுத நான் அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். ஐப்பசி முடியப் பள்ளிக்கூடத்தை விடவேண்டும். அதோடு மாரி தொடங்கிவிடும். அறுபத்துமூன்று பேருக்கு, மழைக்கு முன் ஒரு கூரை வேண்டும். தகரமும் சீமெந்தும் குடாநாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது.

புரட்டாதிக் கடைசியில் கோட்டைச் சண்டை ஓய்ந்த கையோடு, நளீர் நானா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"சம்மாட்டியார், உங்கடை கொட்டில் நிக்குது. தகரத்திலை ஓட்டையள் விழுந்திருக்கு. ஆனால் நிக்குது."

"நிண்டு என்ன நானா? எங்களாலை இனிக் கரையிலை இருக்கேலாது."

"அப்ப அது உங்களிட்டை வரட்டும்."

கதிரவேலு என்ற கமக்காரர் தன்னுடைய தோட்டக் காணியில் ஒரு துண்டை அடுத்த புகையிலை நடுகைவரை தந்தார். "கருவாடு மட்டும் காயப்போட்டிடாதேங்கோ" என்று ஒரு சொல்லும் சேர்த்தே தந்தார். சந்தியோகுவின் தமக்கை லூர்த்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்கள் மீனைக் கண்டே மூண்டு மாசம். கருவாட்டை எங்கை, உங்கடை மிளகாய்க் கண்டிலை பிடிக்கிறதோ?"

கொட்டகைக்குப் பன்னிரண்டு வளைவுகள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் றஊப் அதைக் கரையில் நிறுத்தியபோது கையால் துளை போட்டிருந்தார். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓடும் சலாகைகள் அந்த இரண்டுக்கும் மட்டுமே பொருந்தும். அதனால் நளீர் நானா, கழற்றுவதற்கு முதல்நாள், ஏணி வைத்து ஏறி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போட்டுவிட்டு வந்தார்.

மாட்டு வண்டிகளிலும் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்திலுமாக நாலு நாளில் இரும்பு முழுவதும் உடுவிலுக்கு வந்து சேர்ந்தது. நளீர் நானா வந்து பார்த்தார். ஒரு வளைவிலும் இலக்கத்தைக் காணவில்லை. இலக்கம் இருந்த இடத்தில் கறுப்புத் தாரால் ஒன்றில் மீன் முள், ஒன்றில் சிலுவை, இன்னொன்றில் நங்கூரம், வேறொன்றில் இரண்டு கோடு.

"என்ன வேலை இது?"

"எங்கடை குடும்பங்களின்ரை குறி" என்றார் சந்தியோகு. "வலை மிதப்பிலை போடுறது. வழியிலை ஆரும் எடுத்தால் பிறகு எப்பிடிக் கேக்கிறது?"

"இலக்கத்துக்கு மேலையோ போடுறது? வேறை இடம் கிடைக்கேல்லையோ?"

"நீங்கள் அழகா வெள்ளை அடிச்சு விட்டிருந்தீங்கள். குறி அதிலைதான் துலக்கமாத் தெரிஞ்சுது."

நளீர் நானா தலையில் கைவைத்துக்கொண்டு வரம்பில் இருந்தார். காலை முழுவதும் அளவு நாடாவோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். ஒன்றும் சேரவில்லை. நடுவில் குண்டுவீச்சு விமானம் ஒன்று இரைந்துகொண்டு போக, எல்லோரும் மண்ணில் குப்புற விழுந்தோம்.

"நானா, உவன் தன்ரை கொட்டிலைத் தேடி வாறான் போலை!" லூர்த்தம்மாவின் குரல்.

"இடமில்லை, ஆக்கள் கூடிப்போச்சு எண்டு சொல்லிவிடுங்கோ" என்றார் நானா, மண்ணுக்குள்ளிருந்தபடியே.

எழும்பி மண்ணைத் தட்டும்போதுதான் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. "கழட்டேக்கை ஆர் எதைத் தூக்கிறது எண்டு எப்பிடிப் பிரிச்சனீங்கள்? கையிலை அம்பிட்டதைத் தூக்கினனீங்களோ?"

லூர்த்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்பிட்டதைத் தூக்க நாங்கள் என்ன கள்ளரோ? எதைப் பிரிச்சாலும் எங்களுக்குக் களங்கண்ணி வரிசைதான்."

ஆழமில்லாத பரவைக் கடலில் தடி நட்டுக் கட்டும் வலை களங்கண்ணி. அந்தப் பன்னிரண்டு குடும்பத்தின் வலைகளும் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே வரிசையில் நின்றவை. கோயில் பெருநாள் வேலை என்றாலும், நிவாரண மா என்றாலும், அந்த வரிசையில்தான் கை நீளும். கொட்டிலைக் கடற்பக்கத் தலைப்பிலிருந்து கழற்றும்போதும் முதல் வளைவும் அதை ஒட்டிய சலாகைகளும் முதல் வலைக்காரருக்குப் போயிருந்தன. இரும்புக்கு ஒரு வரிசை உண்டென்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒரு வரிசை உண்டென்று நானாவுக்குத் தெரியாது.

"மேற்கிலையிருந்து சொல்லுங்கோ" என்றார் நானா.

லூர்த்தம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கடல் அங்கே ஐந்தாறு மைல் தள்ளி இருந்தது. வலைத் தடிகளில் ஒன்றுகூட அப்போது நின்றிருக்காது. அவள் சொல்லச் சொல்ல அந்தந்தக் குறியுள்ள வளைவைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். முதலாவது சலாகை இரண்டு பக்கத் துளைகளிலும் போய் உட்கார்ந்தபோது, நளீர் நானா எழும்பி நின்று சந்தியோகுவின் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

பிறகு ஒவ்வொரு நாளும் வந்தார். கடையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டு, சைக்கிள் கரியரில் ஸ்பானர்களைக் கட்டிக்கொண்டு வருவார். உங்களுக்கு ஏன் இந்த அலைச்சல் என்று கதிரவேலு ஒருநாள் கேட்டார். "வாப்பா பூட்டினது. ஒழுகினால் அவரைத்தானே ஏசுவினம்" என்றார். தகரத்து ஓட்டைகளைத் தாரால் அடைத்து, விமானத்திலிருந்து பார்த்தால் மின்னக்கூடாதென்று மேலே தென்னங்கிடுகு பரப்பும் யோசனையும் அவருடையதுதான்.

ஆனால் பழைய போல்ற்றுகளை நாற்பது வருட உப்புத் தின்றிருந்தது. பாதிக்குமேல் ஸ்பானர் பட்டதும் முறிந்தன. ஒன்பது வளைவு எழும்பியதோடு நானா கொண்டுவந்திருந்த போல்ற்றும் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெற்கே கறுத்திருந்தது. பள்ளிக்கூடத்தை விடுவதற்கு மூன்று நாள்தான்.

"மூண்டு வளைவைக் கட்டாமல் விட்டால் நாலைஞ்சு குடும்பம் நனையும்" என்றார் சந்தியோகு.

"ஒருத்தரும் நனையத் தேவையில்லை. அரை இஞ்சிப் போல்ற் கடையிலை கிடக்கு. செவ்வாய்க்கிழமை, முந்தி இரும்பு ஏத்தின நாகலிங்கத்தின்ரை மாட்டு வண்டியிலை ஏத்திவிடுறன். நானும் பின்னாலை வாறன்."

செவ்வாய்க்கிழமை பத்தேமுக்கால்போல நாகலிங்கத்தின் வண்டி வந்தது. போல்ற் சாக்கும் வந்தது. நானா வரவில்லை. சந்தியோகுவுக்கு நல்ல வாய்ப்பு. "பாத்தியளோ, கடைசி வளைவு ஏத்திற நேரம் மனிசன் ஒளிச்சிட்டார். வரட்டும், பிளேன் கொட்டிலுக்குள்ளை ஒரு மூலையிலை கட்டி வைக்கிறன்." எல்லோரும் சிரித்தார்கள். பொழுதுபடுவதற்குள் கடைசித் தகரமும் ஏறிவிட்டது.

பட்டணத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர்தான் சொன்னார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி, ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கம் பகல் சொல்லிவிட்டது. இப்போது அங்கே ஒருவரும் இல்லை. சந்தியோகு நெடுநேரம் ஏணியைவிட்டு இறங்கவில்லை. லூர்த்தம்மா என்னிடம் வந்தாள்.

"தம்பி, இடம்பெயர்ந்த ஆக்களின்ரை பேரை நீர்தானே எழுதிறனீர். நானா வீட்டாக்களின்ரை பேரை ஆர் எழுதிறது?"



மரித்தோர் திருநாளன்று முதல் மழை பிடித்தது. இரவும் பகலும் கொட்டியது. ஒரு துளி உள்ளே விழவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் குறியுள்ள வளைவுக்குக் கீழே படுத்தது. புகையிலை நடுகை வந்தபோது கதிரவேலு காணியைத் திருப்பிக் கேட்கவில்லை.

1995 மாசியில், சண்டை நின்றிருந்த அந்தச் சில மாதங்களில், கொழும்புக்குப் போகும் வழியில் புத்தளத்தில் இறங்கினேன். வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களின் கிடுகுக் குடிசைகள் நிறைந்த ஒரு முகாமில் நளீர் நானாவின் மனைவி ஸபூராவைக் கண்டேன். நானா தொழுகைக்குப் போயிருந்தார். கொட்டில் ஒழுகுகிறதா என்று ஸபூராதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். அந்தப் போல்ற்றுகளைப் பற்றி அப்போதுதான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடையில் அரை இஞ்சிப் போல்ற் முடிந்து ஒரு கிழமையாகியிருந்ததாம். திங்கட்கிழமை கடையைப் பூட்டிவைத்துவிட்டு, நானாவும் மூத்த மகனும் கடையில் சாமான் அடுக்கும் இரும்பு இறாக்கைகள் முழுவதையும் கழற்றி, அவற்றைப் பூட்டியிருந்த போல்ற்றுகளைச் சேர்த்திருக்கிறார்கள். செவ்வாய் காலை எட்டு மணிக்குச் சாக்கை வண்டியில் ஏற்றினார்கள். பத்தரைக்கு அறிவித்தல் வந்தபோது, றஊப் காலத்திலிருந்து சேர்ந்த சாமான் அத்தனையும் கடை நிலத்தில் ஒரே குவியலாகக் கிடந்தது. அந்தக் குவியலுக்குள் எதையும் தேடி எடுக்க நேரம் இருக்கவில்லை.