பாதி மாத்திரை

ஞானசேகரன் இறந்த செய்தி எங்கள் நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. மேலே ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், கீழே மூட்டுவலித் தைலம், நடுவில் அவர். வரிசையாகக் கைகூப்பினார்கள். ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். ஒரே செய்தியை நாலு முறை அனுப்பித் தொல்லை கொடுக்கிறார் என்று போன வருடம் இதே குழுவிலிருந்து அவரை நீக்கியவர்கள் நாங்கள். ‘நாங்கள்’ என்றுதான் எழுதுகிறேன். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை.

தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் அவரும் நானும் இருபத்தெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுவார். புதிதாக வந்தவர்கள் அழித்து அழித்து வரைந்தால், “தாளுக்கு வலிக்கும்பா, யோசிச்சுட்டுக் கோடு போடு” என்பார். ஓய்வு பெற்றபின் இருவரும் மல்லேஸ்வரத்துப் பூங்காவில் நடந்தோம். இருவருக்கும் ரத்த அழுத்தம், ஒரே மாத்திரை, ஒரே அளவு. அவருக்குச் சர்க்கரையும் உண்டு.

நடந்து முடித்ததும் ஓட்டலில் பை-டூ காபி. ஒரு காபியை இரண்டாகப் பிரித்து ஊற்றித் தருவது இந்த ஊர் வழக்கம். ஒருநாள் நான் மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டேன். அவர் தன்னுடையதை நகத்தால் உடைத்து, “இந்தாங்க சார், இதுவும் பை-டூ” என்றார். மேஜையே சிரித்தது. மறுநாள் என் மாத்திரையை நான் உடைத்தேன். “தலைசுத்தல் இல்ல, ஒண்ணும் இல்ல. பாதியே போதும் சார், மருந்து கம்பெனிக்காரன் பிழைக்கறதுக்கா நாம முழுங்கணும்?” என்றார். படித்த கிழவர்கள் எட்டுப் பேர் இதற்குத் தலையாட்டினோம். முறை வைத்து உடைப்பது தினசரி வேடிக்கையாகிவிட்டது.

சில வருடங்களில் அவர் தடுமாற ஆரம்பித்தார். தன் வீட்டுத் தெருவைத் தாண்டிப் போய் நின்றார். “சேகர் சார், இன்னிக்கு என்ன கிழமை?” என்று காபி வரும்வரை கேட்டுச் சிரிப்பது எங்களுக்குப் புது விளையாட்டு. “பென்ஷன் வாங்கினப்புறம் எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான்” என்று சமாளிப்பார். அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். “வயசாய்த்து, பிடி சார்”, வயசாகிவிட்டது விடுங்கள் என்று கன்னட நண்பர் ஒருவர் கையை உதறினார். வயசு என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது அருவருப்பாக இருக்கிறது. எத்தனை சோம்பேறித்தனத்தை அது மூடி வைக்கிறது!

ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவி விமலாவோடு நானும் போனேன். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்கள். வட்டம் அழகாக விழுந்தது. பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கினார். டாக்டர், “பி.பி. ரொம்ப வருஷமா ஏறியே இருந்திருக்கு, சுகர் வேற. மூளையில சின்னச் சின்ன ரத்தக்குழாய் எல்லாம் கெட்டிருக்கு. இது ஒண்ணே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரையை ஒழுங்கா போட்டிருக்கணும்” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் ‘நிறைவான வாழ்வு’ என்று பேசிவிட்டு எல்லோரும் ஜாங்கிரி சாப்பிட்டார்கள். விமலா என்னிடம் வந்தார். “அண்ணா, நீங்களும் பாதிதானே போட்டீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. இவருக்கு மட்டும் ஏன்?”

“விதிம்மா” என்றேன். பொய். விமலா, இங்கே சொல்கிறேன். உடைக்க ஆரம்பித்த எட்டாவது மாதமே என் டாக்டரம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். அன்றிலிருந்து வீட்டில் முழு மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். பயந்தாங்கொள்ளி என்று மேஜையில் கேலி செய்வார்களே என்று உங்கள் கணவரிடம் சொல்லவில்லை. அவர் நீட்டிய பாதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் முறை வந்த நாட்களில் நானே உடைத்து அவருக்குப் பாதி கொடுத்தேன்.

என் நினைவு தெளிவாக இருக்கிறது. நான் கொடுத்த பாதியை அவர் நம்பி விழுங்கிய முகம், அதுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.