கினிப்பன்றி தின்ற சத்துப்பொடி

ஆண்டிஸ் மலைக்கிராமங்களில் ரத்தசோகைப் பிள்ளைகளுக்கு வீடுவீடாக இரும்புச்சத்துப் பொடி கொடுத்துவரும் பொர்த்துனாத்தாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. எந்த வீட்டிலும் அவள் உட்கார்ந்ததில்லை. சூப்பு கொடுத்தால்கூட நின்றபடியே மடக்கென்று குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள்.

நிகாசியாவின் வீடுதான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அங்கே பொட்டலங்கள் மாதாமாதம் தீர்ந்தன; மகன் எல்மெரோ வெளிறிக்கொண்டே போனான். இன்று சொல்லாமல் கொள்ளாமல் சமையலறைக்குள் நுழைந்தாள். கறிக்காக அடுப்படியில் வளர்க்கும் கினிப்பன்றிகள் கொழுகொழுவென்று ஓடின. அவற்றுக்குப் போட்டிருந்த புல்லுக்கடியில் காலிப் பொட்டலங்கள் கிடந்தன.

"அடிப்பாவி, பிள்ளைக்குக் குடுத்தத இதுகளுக்கா போட்ட?"

"அவன் துப்புறான்க்கா. இதுங்க தின்னா என்ன? இதுங்கள அவன்தானே திங்கப்போறான்! எப்படியும் அவன் வயித்துக்குத்தான போகுது?"

"எப்ப அடிப்ப?"

"திருவிழாவுக்கு. ஆகஸ்ட்ல."

"இது நவம்பர்டி!"

பொர்த்துனாத்தா குனிந்து, இருப்பதிலேயே கொழுத்ததைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினாள்.

"அடுப்ப மூட்டு. திருவிழா இன்னிக்குத்தான். ஈரல் மொத்தமும் அவனுக்கு" என்றவள், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவன் தின்னு முடிக்கிறவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."