ஏழாம் எண் கணினியில் நஸ்ரீன் விட்டுச் சென்ற வேலை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கம் தரும் பகுதியையும் விடமாட்டேன். பதினோராம் வகுப்பில் நஸ்ரீனோடு படித்தவர்களுக்கும், அவள் ஒரு மாதம் கணினி அறைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுப் பதில் கிடைக்காதவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். அன்று பௌர்ணமி. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா ஜூஸ் கடை போட்டிருந்தார். நாலு மணிக்கே கிரிவலக் கூட்டம் தொடங்கிவிட்டது. அம்மாவின் செல்போனில் நஸ்ரீனின் அண்ணன் பேசினார். காய்ச்சல் என்று அவளை வேலூருக்குக் கொண்டுபோய் அன்றோடு நாலு நாள். "நஸ்ரீன் போயிட்டாம்மா" என்று மட்டும் சொன்னார். எதிரே நின்றவர் உப்பு ஜாஸ்தியாகப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். பிறகுதான் கீழே உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பஸ் இல்லை. இன்னும் கிரிவலம் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு எதிராக, டவுனில் இருக்கும் நஸ்ரீன் வீட்டுக்கு நடந்தேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கிளம்பும்போது நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று, இதை என்னிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாளாம்.

அது என்ன நோட்டு என்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள புத்தகங்களைத் தேட நஸ்ரீன் ஒரு புரோகிராம் எழுதினாள். புத்தகப் பெயர்களை எழுதிக் கொடுத்தவள் நான். அதனால் என்னை அவள் 'லைப்ரரி' என்றுதான் கூப்பிடுவாள். புரோகிராம் கணினி அறையில் ஏழாம் எண் மெஷினில் நன்றாக ஓடியது. நூலகத்து மெஷினில் ஓடவில்லை. அங்கே இன்டர்நெட் கிடையாது. புரோகிராமுக்குத் துணையாக வேண்டியவை எதுவும் அதில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் எடுத்துப் போய் ஏற்ற வேண்டும். நஸ்ரீன் அதைப் 'பொட்டலம்' என்பாள். பொட்டலம் கட்டுவதற்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன. கணினி ஆசிரியரின் அனுமதியோடு, அவர் செல்போன் இணைப்பிலேயே அவற்றை ஏழாம் எண்ணில் ஏற்றினோம். வேலை முடிந்ததும் அவற்றை மெஷினிலிருந்து நீக்கி, கழற்றிவிட வேண்டும் என்பது சாரின் நிபந்தனை.

நஸ்ரீன் 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பா தையல்காரர். கோட்டு தைக்கும்போது துணி நகராமல் இருக்க முதலில் வெள்ளை நூலில் தற்காலிகமாக ஒரு தையல் ஓட்டுவார். நல்ல தையல் போட்ட பிறகு அந்த வெள்ளை நூலை மட்டும் உருவி எடுப்பார். "இந்தக் கருவியெல்லாம் அந்த வெள்ள நூல்தான்டி. உருவுறப்ப நல்ல தையலையும் சேத்து உருவிடக் கூடாது" என்று நஸ்ரீன் சொன்னாள்.

நான் உருவிவிட்டேன்.

முதல் பொட்டலம் சரியாக வரவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாள். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது நானே கழற்ற உட்கார்ந்தேன். நஸ்ரீன் புரோகிராம் எழுதிய கணினி மொழி பைத்தான்; மெஷினில் அது இரண்டு இருந்தது. ஒன்று நாங்கள் ஏற்றியது. இன்னொன்று மெஷினுக்குச் சொந்தமானது, திரையில் தெரியும் பாதி விஷயங்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. நான் பழையது எதற்கு என்று இரண்டாவதைக் கழற்றச் சொன்னேன். இதோடு சேர்ந்து இவையெல்லாம் போகும், சம்மதமா என்று மெஷின் நீளமாக ஒரு பட்டியல் போட்டுக் கேட்டது. வேர்க்கடலை மடித்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் போடாதவள் நான். அந்தப் பட்டியலைப் படிக்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது. Y அழுத்தினேன். திரும்ப ஆன் செய்தபோது படங்கள் இல்லை, ஜன்னல்கள் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

சார் யார் செய்தது என்று கேட்டார். நஸ்ரீன் என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சார், அவசரத்துல பண்ணிட்டேன்" என்றாள். நான் பேசாமல் நின்றேன். சார் மெஷினைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. எங்கள் கோப்புகள் பிழைத்தன. நஸ்ரீனுக்கு ஒரு மாதம் கணினி அறைக்குள் வரத் தடை.

வெளியே வந்து ஏன் இப்படிச் செய்தாய் என்று அழுதேன். "ரெண்டு பேரும் வெளிய நின்னா உள்ள யாருடி இருக்கிறது? அழுவாத லைப்ரரி. மெஷின் ஒரு கேள்வி கேட்டா சும்மா கேக்காது. மொதல்ல படி, அப்புறம் பதில் சொல்லு" என்றாள்.

அந்த ஒரு மாதமும் அவள் வீட்டிலிருந்து எழுதியதுதான் நீல நோட்டு. ஏற்ற வேண்டிய ஆறு கருவிகள், ஏற்ற வேண்டிய வரிசை, பொட்டலம் கட்டும் முறை, பிறகு கழற்றும் வரிசை. மெஷினுக்குச் சொந்தமானவற்றின் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தாள். நட்சத்திரத்தைத் தொட்டால் கை வெட்டப்படும் என்று கீழே ஒரு குறிப்பு. தடை முடிய மூன்று நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது.

அவள் இறந்த அடுத்த வாரம் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. திங்கட்கிழமை முதல் செய்முறைத் தேர்வுக்காகக் கணினி அறையில் எதையும் ஏற்றவோ கழற்றவோ கூடாது. யாரும் பயன்படுத்தாத நூலகத்து மெஷின் அதே திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகிறது. அது போய்விட்டால் நூலகத்தில் நஸ்ரீனின் புரோகிராமுக்கு இடமே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாரிடம் போனேன். அனுமதி கேட்பதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரு மாசம் அந்தப் பொண்ண வெளிய நிறுத்திட்டேனேம்மா" என்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணி வரை அறை திறந்திருக்கும் என்றும், ஏற்றிய அனைத்தும் அதற்குள் கழன்றிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மூன்றரைக்கு உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்துவிட்டுத் தட்டினேன். ஆறு கருவிகளும் மறுபடி ஏறின. பொட்டலம் கட்டுவதற்கு முன் அதன் முகப்பில் சில விவரங்களை நிரப்ப வேண்டும். நோட்டில் நஸ்ரீன் அதையும் எழுதி வைத்திருந்தாள். ஆக்கியவர்: நஸ்ரீன். பராமரிப்பவர்: தமிழ்ச்செல்வி. என் பெயரை முழுதாக அவள் எழுதி அப்போதுதான் பார்க்கிறேன். அப்படியே நிரப்பினேன்.

நாலே முக்காலுக்குப் பொட்டலம் வந்தது. நூலகத்துக்கு ஓடி அந்த மெஷினில் ஏற்றினேன். பூட்டக் காத்திருந்த நூலக டீச்சர், ஓடுகிறதா என்று பார்க்கத் தானே 'மலை' என்று தட்டினார். ஒன்பது புத்தகங்கள் வரிசையாக வந்தன, எந்த அலமாரி எந்தத் தட்டு என்பதோடு. "திங்கக்கிழமை மெஷின தூக்க வந்தாங்கன்னா நான் பேசிக்கிறேன், நீ போம்மா" என்றார்.

திரும்பி வந்து கழற்றத் தொடங்கினேன். நாலு கருவிகள் நோட்டில் எழுதியபடியே போயின. ஐந்தாவதிலிருந்து பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கேதான் காய்ச்சல் வந்திருக்கிறது. ஐந்தாவதைக் கழற்றச் சொன்னபோது மெஷின் பதினொரு பெயர்களைப் போட்டுச் சம்மதமா என்று கேட்டது. வாய்விட்டுப் படித்தேன். ஒன்பதாவது பெயர் நோட்டின் முந்தைய பக்கத்தில் நட்சத்திரம் வாங்கியிருந்தது. N அழுத்தினேன். அதைத் தொடாமல் வைத்திரு என்று மெஷினில் முதலில் குறித்துவிட்டு, மறுபடி கேட்டேன். இந்த முறை பத்துப் பெயர்கள். இரண்டு தடவை படித்துவிட்டு Y அழுத்தினேன். ஆறாவது தனியாகவே போயிற்று.

மெஷினை அணைத்துத் திரும்ப ஆன் செய்தேன். அந்த அரை நிமிடம் சார் எனக்குப் பின்னால் நின்றார். திரை முழுதாக வந்தது.

நீல நோட்டை அவள் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது அவர்களுடையது. நான் வைத்திருப்பது அவள் எனக்கு எழுதிக் கொடுத்த வேலையை. புதுப் புத்தகம் வந்தால் சேர்க்க வேண்டும். பிழை வந்தால் திருத்த வேண்டும். நான் பள்ளியை விட்டுப் போகும்போது பராமரிப்பவர் பெயரை மாற்றலாம். ஆக்கியவர் பெயரை யாரும் மாற்றக் கூடாது. அதற்கு நான் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை திரை முழுதாக வந்தபோது ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சார் ஏழாம் எண்ணின் திரையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். வாசலில் நின்று சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். விளக்குகள் அணைந்தன.