சேவ் பட்டனை அமுக்கியவன்

கல்லாறில் ஹோம்ஸ்டே நடத்தும் அம்மாள், திருவனந்தபுரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய வெப்சைட்டில் எந்த அறையின் முகவரிக்குப் பின்னாலும் /photos என்று அடித்தால் அந்த அறையின் படங்கள் மட்டும் வர வேண்டும். இதற்கு எண்ட்பாயிண்ட் என்று பெயர். கோட் முழுக்க நான் எழுதியது. ஆனால் அதை லைவ் சைட்டில் ஏற்றும் பாஸ்வேர்ட் என்னோடு வேலை செய்யும் மணிகண்டனிடம் மட்டும்தான் இருக்கும். அலுவலக வழக்கம் அப்படி.

அவன் ஏற்றினான். அம்மாள் முகவரியை அடித்தார். 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. என்னைத்தான் முறைத்தார்.

புது எண்ட்பாயிண்ட்டை வெப்சைட்டை நடத்தும் எங்கள் சி.எம்.எஸ். மென்பொருள் தானாக ஏற்காது. முகவரி விதிகள் இருக்கும் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல், சேவ் பட்டனை ஒருமுறை அமுக்க வேண்டும். இதை மணியிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா, தெரியாது. இப்போது அம்மாள் பார்க்க, நிதானமாக அமுக்கினான். படங்கள் வந்தன.

"மணி மோனே, நீ தொட்டப்போ ஸரியாயல்லோ."

"சின்னப் பிரஷ்னம்தான் சேச்சி," என்று சிரித்தான்.

அப்போது டீம் லீட் இடம் காலியாக இருந்தது. போட்டியில் நாங்கள் இரண்டு பேர். மணியும் தமிழன்தான், ஆனால் இங்கேயே பிறந்து படித்தவன். கிளையண்டுகளிடம் மலையாளத்தில் குழைவான். நான் தக்கலைக்காரன். எனக்கு மலையாளம் வரும், குழையத்தான் வராது.

அடுத்த வேலை விழிஞ்ஞத்தில் ஒரு சரக்கு ஏஜென்சிக்கு. அதிலும் எண்ட்பாயிண்ட். இந்த முறை என் கோட் அடங்கிய பிளகின்னை ஆக்டிவேட் செய்ததும் முகவரி விதிகள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதினேன். மணிக்கு அமுக்க ஒன்றுமே இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். ஏற்றியவுடன் பிசகில்லாமல் ஓடியது. அதனால் அதில் ஒரு வேலை இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. தயார் என்று போன் செய்தவன் மணி. நன்றியும் அவனுக்கே போனது. டீம் லீட் பதவியும் அவனுக்கே போனது.

நான் மேனேஜர் ரவி சாரிடம் போய், இரண்டு கோடும் என்னுடையது என்றேன்.

"அது எனக்கு நல்லா அறியாம்டோ. ஆனா எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன காரியம்? கிளையண்ட் அவனையல்லே விளிக்கிறது?"

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல வேலை தானே பேசும் என்பது பொய். பிசகில்லாமல் ஓடுகிற வேலைக்கு வாய் கிடையாது. கிளையண்ட் உட்கார்ந்திருக்கும்போது நீங்களே அடித்துக் காட்டுங்கள், நான் செய்தது என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டால் என்னைப் போலத்தான் இருப்பீர்கள். மணி கெட்டிக்காரன் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் பெயரைக் கேட்டால் இன்றும் வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.