அனைவரும் வருக என்றால் யார் யார்

‘அனைவரும் வருக’ என்று எழுதியிருந்தால் அந்த அனைவரில் நான் உண்டா, இல்லையா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. முதுகலையில் ஒரு வருடம் படித்தவள் கேட்கிற கேள்வியா இது என்று நானே பலமுறை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படியும் கேள்வி போகவில்லை.

நான் படித்தது மலைக்குக் கீழே, சேலம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில். புவியியல். முதல் வருடத் தேர்வு எழுதும்போது மகள் வயிற்றில் இருந்தாள். படிப்பை நிறுத்தி வைக்க எழுதிக் கொடுத்துவிட்டு, மலைமேல் வாழவந்தி நாட்டில் இருக்கும் என் கணவர் வீட்டுக்கே வந்துவிட்டேன். மகளுக்கு இப்போது இரண்டு வயது ஆகப் போகிறது. இந்த வருடம் திரும்பிப் போய்ச் சேராவிட்டால் படித்த அந்த ஒரு வருடமும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது நடக்காது என்று எனக்குத் தெரியும்.

துறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் எண்ணை யாரும் எடுக்கவில்லை. மறந்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ‘இந்த வாரம் வளாகத்தில்’ என்ற அறிவிப்பு எனக்கும் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. என் கணவர் வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு சோளக்காடு சந்தைக்குப் போகும்போது நானும் மகளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவேன். அவர் இறக்கி விலை பேசி முடிக்கும்வரை முன்சீட்டில் உட்கார்ந்து அறிவிப்பை ஒரு வரி விடாமல் படிப்பேன்.

அதில் என்னதான் இருக்காது? பழைய வரைபடங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு. நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது என்று ஒரு பயிற்சி. ரத்ததான முகாம். மனநல ஆலோசனை, முன்பதிவு தேவையில்லை. கண் பரிசோதனை. கடைசியில், கண்டெடுக்கப்பட்ட பொருட்கள்: ஒரு தண்ணீர் பாட்டில், ஒற்றைக் கொலுசு, நீல நிறக் குடை. பாட்டிலும் கொலுசும் வாரத்துக்கு வாரம் மாறும். நீலக் குடை மட்டும் மாறவே மாறாது. யார் விட்டுப் போனது? படிப்பு முடிந்து ஊருக்கே போய்விட்டாரா? அல்லது என்னைப் போல, தன் பொருள்தான் என்று தெரிந்தும் போய்க் கேட்கத் தயங்குகிறாரா? மகள் போனைப் பிடுங்கும்வரை இப்படி ஏதாவது யோசித்துக்கொண்டிருப்பேன்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை அறிவிப்பில் புதிதாக இரண்டு வரிகள் இருந்தன. படிப்பை இடையில் நிறுத்தியவர்கள் மீண்டும் சேர்வது குறித்த விளக்கக் கூட்டம், வளாகத்தில் தொடங்கப்பட்டுள்ள குழந்தைகள் அறையை அன்று பார்வையிடலாம், அனைவரும் வருக. அன்று காலை அதே அரங்கத்தில் எறும்புகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று ஒரு சொற்பொழிவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னேன். அத்தை முற்றத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

“யாரு கூப்புட்டாங்க?”

“போன்ல வந்திருக்குதுங்க அத்தை. எல்லாரும் வரலாம்னு போட்டிருக்குது.”

“எல்லாரும் வரலாம்னா அது ஊருக்குச் சொல்றது, சாமி. ஊரு போவும். உன்னைய யாரு கூப்புட்டாங்க?”

எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கோடு வாசலுக்கு வந்து கூப்பிட்டால்தான் அழைப்பு. போனில் சொன்னார்கள் என்பதற்காக அத்தை தன் சொந்த அண்ணன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கே போகவில்லை. அதே அத்தை, முறையாக அழைத்துவிட்டால் எப்படியும் போய்விடுவார். போன வருடம் மிளகு காயப்போட்டிருந்த நேரத்தில் தூரத்து உறவில் ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். வானம் மூடிக்கொண்டு நின்றது. அத்தை சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிளகு பாதி நனைந்து பூஞ்சை பிடித்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூப்பிட்டார்கள், போனார், அவ்வளவுதான்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அறிவிப்பின் கீழே இருந்த மாணவர் நல மையத்தின் எண்ணுக்குச் சோளக்காட்டிலிருந்து போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி அத்தையும் பக்கத்தில் நின்றார்.

“அறிவிப்புல எல்லாம் விவரமாப் போட்டிருக்கேம்மா” என்றார் எடுத்தவர்.

“பார்த்தேனுங்க சார். நான் வரலாமான்னு கேக்கத்தான்…”

“அதான் அனைவரும் வருகன்னு இருக்கே?”

“இருக்குதுங்க. எங்க ஊர்ல யாராச்சும் கூப்பிட்டாத்தான் போவோம்.”

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று தோன்றி எனக்குக் காது சூடேறியது. ஆனால் அவர் குரலை மாற்றிக்கொண்டு, “சரிம்மா, நான் கூப்பிடுறேன். கண்டிப்பா வந்துடணும்” என்றார்.

அத்தை போனுக்குக் குனிந்து, “குடும்பத்தோடயா கூப்புடறீங்க, பொண்ணை மட்டுமா?” என்றார்.

“எல்லாருமே வாங்கம்மா” என்றார் பாவம், அந்த மனிதர்.

அத்தைக்கு அது போதும். அழைத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. கூட்டம் நடக்கும் வியாழக்கிழமை விடிந்தபோது சாக்கில் கட்டிய ஒரு பலாப்பழம், இரண்டு சீப்பு மலைவாழைப்பழம், ஒரு பொட்டலம் மிளகு எல்லாம் சீர்வரிசை மாதிரி கதவோரம் காத்திருந்தன. என் கணவரும் வேட்டி கட்டி நின்றார். இது விசேஷம் இல்லை, கூட்டம் என்று அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். “நீயே சொல்லு எங்கம்மாகிட்ட” என்று ஒதுங்கிக்கொண்டார். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பஸ் இறங்கும்வரை யோசித்தேன். மகள் வளைவுக்கு வளைவு என் தோளில் கக்கிக்கொண்டு வந்தாள். அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி வந்த பிறகுதான் அவளுக்கு முகம் தெளிந்தது.

பல்கலைக்கழக வாசலில் செக்யூரிட்டி சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“பழம். கூப்புட்டிருக்காங்க, வந்திருக்கறமுங்க” என்றார் அத்தை. செக்யூரிட்டி என் கணவரின் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்யாண மண்டபம் இந்தத் தெருவில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். நான் அவசரமாகப் போனை நீட்டி அறிவிப்பைக் காட்டினேன். விட்டுவிட்டார்.

கூட்டத்துக்கு நேரம் இருந்ததால் எறும்பு சொற்பொழிவிலேயே போய் உட்கார்ந்தோம். பின்வரிசைகளில் மாணவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை காலி. அத்தை நேராக முன்வரிசைக்குப் போனார், பலாப்பழத்தோடு. கொஞ்ச நேரத்தில் அரங்கம் முழுக்கப் பழ வாசனை. பேசியவர் என்னைவிடச் சில வயதே மூத்த ஒரு பெண். எறும்பு தான் போன வழியில் ஒரு வாசனையை விட்டுப் போகிறது, பின்னால் வருகிற எறும்பு அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது, போகிறவை கூடக்கூட வாசனை வலுக்கிறது, யாரும் போகாத வழியின் வாசனை மெல்ல மறைந்துவிடும் என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் முதலில் போகிற எறும்பு எதைப் பிடித்துக்கொண்டு போகிறது? கேட்க வேண்டும் என்று இருந்தது. கையைத் தூக்கவில்லை. இது அதற்குள் சொல்லிவிட்ட விஷயமாக இருந்து, மகளைச் சமாதானப்படுத்தும்போது நான் கவனிக்காமல் விட்டிருந்தால்?

“கேள்விகள் இருந்தால் கேட்கலாம்” என்றார் அவர். யாரும் கேட்கவில்லை. அப்போது அத்தை எழுந்தார்.

“சாப்புட்டீங்களா கண்ணு? வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே பேசறீங்க.”

பின்வரிசைகள் வெடித்துச் சிரித்தன. நான் மகளின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். “இல்லீங்கம்மா, காலையில பஸ் பிடிக்கிற அவசரத்துல சாப்பிடலை” என்றார். அத்தை மேடைக்குப் போய் வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பெண் அங்கேயே நின்று தோலை உரித்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு, எப்படி என்று தெரியவில்லை, மாணவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். என் கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

விளக்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். போனில் பேசியவரே எல்லாவற்றையும் சொன்னார். எங்களைப் பார்த்ததும், “நான் கூப்பிட்டவங்க நீங்கதானே?” என்றார். அத்தை மிளகுப் பொட்டலத்தையும் பலாப்பழத்தையும் அவர் மேசையில் வைத்தார். அவர் தடுமாறிப்போய் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாத முடிவுக்குள் விண்ணப்பம் கொடுத்தால் இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்றார். கிளம்பும்போது நான் மெதுவாக, “சார், அந்த நீலக் குடை…” என்றேன்.

“உங்களோடதா?”

“இல்லீங்க. பார்க்கணும்னு தோணுச்சு.”

என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். சாதாரணக் குடை. நான் நினைத்ததைவிடச் சின்னது. பள்ளிக்கூடப் பிள்ளை பிடிக்கிற குடை மாதிரி இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் இவ்வளவு சின்னக் குடையோடு வந்தது யார்? பார்த்த பிறகு கேள்வி கூடித்தான் போனது.

குழந்தைகள் அறை மருத்துவ மையத்துக்குப் பின்னால் இருந்தது. பாய், பொம்மைகள், தாழ்வான ஒரு வாஷ்பேசின். என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் உள்ளே போய் ஒரு மர லாரியைத் தள்ள ஆரம்பித்தாள். அவளை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். வகுப்பு முடியும்வரை விடலாம். சாப்பாடு கொடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ அழுகை நிற்காவிட்டாலோ உடனே வந்து தூக்கிப் போக, அம்மாவைத் தவிர இன்னொரு பெரியவர் அதே ஊரில் இருக்க வேண்டும். தாய் தேர்வில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்று கேட்டார்.

என் அம்மா திருப்பூரில் தம்பியோடு இருந்து கம்பெனிக்குப் போகிறார். என் கணவர் வண்டியை விட்டு வர முடியாது. மிச்சம் இருப்பது ஒருவர்தான். அவர் அப்போது மர லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது எங்கே பாரம் ஏற்றப் போகிறது என்று பேத்தியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் அத்தையின் மடியில் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி தூங்கிவிட்டாள். வளைவுகள் ஆரம்பித்த பிறகு அத்தை கேட்டார்.

“அந்தம்மா ஒரு ஆளு வேணும்னுதே. யாரையாச்சும் கூப்புட்டயா, அம்முணி?”

“இன்னும் இல்லீங்க அத்தை.”

“ம்” என்றார். அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ‘ம்’ என்னவென்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். என்னைக் கூப்பிடேன் என்று சொன்னாரா? என்னைக் கூப்பிட்டுவிடாதே என்று சொன்னாரா? கணவரிடம் கேட்டேன். அவர் வண்டிக்குக் காற்றடித்தபடி, “எங்கம்மா மனசு எனக்கென்ன தெரியும்? ஆனா ஒண்ணு. நீ முறையாக் கூப்புட்டா மாட்டேன்னு சொல்லத் தெரியாது அதுக்கு. அதை நெனச்சுக்கிட்டுக் கூப்புடு” என்றார்.

அதுதான் என் பயமே. அத்தை மறுக்கக்கூடியவர் என்றால் தைரியமாகக் கேட்டுவிடுவேன். அவருக்கு இங்கே மிளகுக் கொடி இருக்கிறது, கிழங்குக் காடு இருக்கிறது, இரண்டு மாடு இருக்கிறது. சாயங்காலம் மகளிர் குழுப் பெண்களோடு உட்கார்ந்து சத்தமாகச் சிரிப்பது கேட்கும். சேலத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில், போன் அடிக்குமா என்று பகல் முழுக்கக் காத்திருக்கச் சொல்ல நான் யார்? நனைந்த மிளகைப் பற்றிப் பேசாத மாதிரி அதைப் பற்றியும் பேச மாட்டார். கூப்பிடாமல் விட்டாலோ, ‘என் மருமக என்னைய ஒரு வார்த்தை கேக்கலை’ என்பது அவர் மனதில் நிற்கும். என் படிப்பும் போகும்.

நேற்று சோளக்காட்டில் வெற்றிலையும் பாக்கும் வாங்கினேன். ஈரத்துணியில் சுற்றி அடுப்படி மேடைக்கு அடியில், அத்தை கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். நேற்று வந்த அறிவிப்பில் சொற்பொழிவுகள் எல்லாம் மாறியிருந்தன. விண்ணப்பத்துக்கு இந்த வாரம் கடைசி என்று போட்டிருந்தது. நீலக் குடை அப்படியே இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையோடு படிக்கப் போனவர்கள் இருக்கலாம். அதைவிட முக்கியமாக, மருமகளோ மகளோ கூப்பிட்டதற்காக வீட்டை விட்டு ஊர் மாறிப் போய் இருந்த அம்மாக்கள் இருக்கலாம். உங்களைத்தான் கேட்கிறேன். உங்களைக் கூப்பிட்டது சரியா? கூப்பிடாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா? மறுப்பதற்கும் இடம் வைத்து ஒருவரைக் கூப்பிட ஏதாவது வழி இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். வெற்றிலை இரண்டு மூன்று நாள்தான் தாங்கும்.